பக்கத்து சீட்டு கிளட்ச்

அன்பரசனுக்குத் திருவண்ணாமலையில் நல்ல பெயர். சும்மா சொல்லக் கூடாது, உழைத்துச் சம்பாதித்த பெயர்தான். செங்கம் ரோட்டில் அவர் வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. வேறு இடத்தில் சேர்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் கர்ரென்று சத்தம் கிளப்பி, மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதபடி வந்தவர்கள்கூட, இவரிடம் சேர்ந்த வாரமே சத்தமில்லாமல் கியர் மாற்றினார்கள். "அன்பு சார் பக்கத்துல உக்காந்தா போதும், கியர் தானா விழும்" என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

ஓட்டப் பழக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோல, மாஸ்டர் உட்காரும் பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் கம்பி போட்டு இணைத்திருக்கும். மாஸ்டர் தன் கிளட்சை மிதித்தால் ஓட்டுகிறவரின் கிளட்சும் கூடவே இறங்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்த பெடல் அது. அன்பரசன் அதை எந்நேரமும் மிதித்தார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒரு பௌர்ணமி சாயங்காலம், கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்த நேரத்தில், பழகிக்கொண்டிருந்த ஒருவர் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளைத் தள்ளிவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்த அம்மாள் எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மலையைச் சுற்றப் போய்விட்டாள். அன்பரசனுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருந்தது. பழகுகிறவரின் கை கியர் குச்சிப் பக்கம் அசைந்தாலே போதும், அந்தக் கால் மெதுவாக, முழுசாக, தரை வரைக்கும் இறங்கிவிடும். ஓட்டுகிறவருக்குத் தன் கால்தான் மிதிக்கிறது என்ற நினைப்பு. கியர் வழுக்கிக்கொண்டு விழும். சத்தம் கிடையாது, குலுக்கல் கிடையாது.

முதலில் பயத்துக்கு மிதித்தார். பிறகு பெயருக்கு மிதித்தார். கடைசியில் மிதிப்பதே தெரியாமல் மிதித்தார். டெஸ்ட் மைதானத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் தெரிந்தால் காரியம் முடிந்துவிடும். லைசென்ஸ் வாங்கியவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எந்தக் காலைக் கும்பிடுகிறோம் என்று அவர்களுக்கு எங்கே தெரியும், பாவம்.

அவர் மனைவி சந்திரகலா அரசாங்க நர்ஸ். மூக்குக்கு மேல் கோபம், ஆனால் கைராசிக்காரி. ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. வருஷக்கணக்காகக் கீழ்பென்னாத்தூரில் இருந்தவளைத் திடீரென்று ஜவ்வாது மலை மேலே இருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். போளூர் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும். பஸ்ஸை நம்பினால் விடியலில் கிளம்பி இருட்டில்தான் திரும்ப முடியும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். பிறகு ஒருநாள் பையைக் கட்டிலில் வீசினாள்.

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறீங்க. வீட்ல இருக்கறவ பஸ்ல தொங்கிகினு போறா. ஒரு கார் வாங்குங்க, நானே ஓட்டிகினு போறேன்."

புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் அவர் வீம்பாகத் தன் காலைத் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டார். பெண்டாட்டி நிஜமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசைதான். அடி அண்ணாமலை ஊரைத் தாண்டுவதற்குள் வண்டி நாலு தடவை கர்ரென்று கத்தியது. இவரும் பதிலுக்குக் கத்தினார். சந்திரகலா வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தே போய்விட்டாள். அன்று இரவு வீட்டில் ரசம்கூட வைக்கவில்லை.

மறுநாள் அன்பரசனின் இடது கால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கியர் விழுந்தது. சந்திரகலா முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நீங்க கத்தாம இருந்தா எனக்கு எல்லாம் வரும்" என்றாள். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வீட்டில் சண்டை இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை. லைசென்ஸும் வந்தது.

பிறகு ஒரு பழைய கார் வாங்கினார்கள். அதில் பக்கத்து சீட்டுக்குக் கிளட்ச் கிடையாது.

அவள் முதல்முதலாகத் தனியாக வேலைக்குக் கிளம்பிய காலையில், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி வண்டி நகர்ந்தது. அன்பரசன் வாசலில் நின்று கையாட்டினார். வண்டி தெருமுனை திரும்பியது. அங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ர். பல்லும் பல்லும் உரசுகிற சத்தம். ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

சாயங்காலம் வந்தவள் சாவியை மேஜை மேல் எறிந்தாள். "வண்டி சரியில்லங்க. நம்ம ஸ்கூல் வண்டில எப்டி விழும்? இது ஒவ்வொரு கியருக்கும் மல்லுக்கு நிக்குது."

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? 'கலா, உன் கால் பாதிதான் மிதிக்குது, மீதியை நான் மிதிச்சேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். ரெண்டு நாள் சோறு கிடைத்திருக்காது, அவ்வளவுதானே. ஆனால் அன்பரசன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "பழைய வண்டி, கியர் பாக்ஸ்ல ஏதாவது இருக்கும். பாய்கிட்ட காட்டறேன்" என்றார்.

பாய் என்றது அய்யூபை. போளூர் ரோட்டில் கியர் பாக்ஸ் வேலை பார்க்கிறவர். அவர் கிளட்ச் கேபிளை இறுக்கிப் பார்த்தார், ஆயிலை மாற்றிப் பார்த்தார். சத்தம் போகவில்லை. கடைசியில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, இரண்டாவது கியரோடு சேரும் பித்தளை வளையத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கியர் சத்தமில்லாமல் பொருந்துவதற்கு அந்த வளையத்தின் உள்பக்கத்து வரிகள்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வரிகளைக் காணோம், வழவழவென்று தேய்ந்து கிடந்தது. புதிதாக வாங்கிப் போட்டார்கள். ரெண்டு மூணு மாதம் வண்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. இந்தத் தடவை சத்தத்தோடு, போட்ட கியர் சில நேரம் தானாகவே கழன்று வெளியே வந்தது.

அய்யூப் வளையத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அன்பு சார், தப்பா நெனைக்காதீங்க. வண்டில குத்தம் இல்ல. கிளட்ச்ச பாதி மிதிச்சிட்டு கியரை இழுக்கறாங்க. தரை வரிக்கும் மிதிக்கணும், நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்தணும், அப்புறம் போடணும். இது சின்னப் பசங்களுக்குக்கூட நீங்க சொல்லிக் குடுக்கற விஷயம். வீட்ல அவங்களுக்கும் நீங்கதானே கத்துக் குடுத்தீங்க?"

"ஆமா."

"இந்த மாதிரி தேஞ்ச வளையம் என்கிட்ட இப்பல்லாம் ஜாஸ்தியா வருது சார். வர்றவங்க எல்லாம் 'நாங்க அன்பு சார் ஸ்டூடண்ட்'னு பெருமையா சொல்றாங்க. எனக்குப் புரியவே இல்ல."

அன்பரசனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அந்த வெளுப்பை மறைக்கக் கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "நீ கம்மி வெலைக்கு மட்டமான சாமான் வாங்கிப் போட்டுட்டு என் மேல பழி போடறியா பாய்?" என்று கத்திவிட்டு வந்தார். ஆயிலைக் கெட்டியாக ஊற்றச் சொன்னார். கெட்டி ஆயிலில் சத்தம் கொஞ்சம் அமுங்கியது. உள்ளே தேய்வது அமுங்கவில்லை.

அதற்குப் பிறகு மனுஷன் நிம்மதியாக ஒருநாள் இருந்ததாகத் தெரியவில்லை. மலையில் மழை என்று யாராவது சொன்னால் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அவள் இறங்கும் நேரத்தில் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. அவளோடு எங்காவது போவதானால் தானே ஓட்டுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஸ்கூல் வண்டியிலோ அவர் கால் மட்டும் தன் வேலையை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் பழகுகிறவர் கியரைக் கர்ரென்று இழுப்பார், அன்பு சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நாளைக்கு நிறுத்தலாம், அடுத்த ஆளிலிருந்து நிறுத்தலாம் என்றே நாள் போயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு ராத்திரி சாப்பிடும்போது சந்திரகலா சந்தோஷமாகச் சொன்னாள். "இப்பல்லாம் கியர் தொல்லையே இல்லங்க. இறங்கும்போது நியூட்ரல்ல விட்டுடறேன். வண்டி பாட்டுக்குச் சத்தமில்லாம வழுக்கிகினு வருது. வளைவுல மட்டும் பிரேக்க மிதிச்சிக்கறேன். மேல வேலை செய்யற எல்லாருமே அப்டித்தான் வராங்க."

அன்பரசன் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை அது. கியரில் இல்லாத வண்டியைப் பிரேக் மட்டும் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்தும்? பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. அப்போது கியரைத் தேடினால் கியர் விழாது. கியர் விழாததற்குக் காரணம் இதோ, அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறது.

"அப்டி விடக் கூடாது கலா" என்றார்.

"அப்ப கியர் விழற மாதிரி வண்டிய சரி பண்ணிக் குடுங்க" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தும் போனாள்.

விடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். அன்பரசன் வகுப்பையெல்லாம் ரத்து செய்துவிட்டுப் பஸ் பிடித்து மலை ஏறினார். இன்றைக்குச் சொல்லிவிடுவது, வண்டியை நாமே ஓட்டி இறக்கிவிடுவது என்ற முடிவோடு போனார். வழியெல்லாம் தூறல். ஒரு வளைவில் தடுப்புக் கல் உடைந்து கிடந்தது, அதற்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுகாதார நிலையத்தில் சந்திரகலா அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "இன்னாங்க, சொல்லாம கொள்ளாம?" என்றாள். அதற்குள் மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். தேவிப்ரியா, அங்கே மருந்தாளுநர். "சார்! என்னத் தெரியுதுங்களா? ரெண்டு வருஷம் முன்ன உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். அப்பலேருந்து நானே ஓட்டிகினு வரேன் சார்!" பள்ளிக்கூடம் மழை லீவு என்பதால் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தாள். அதுகள் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. அன்பரசனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வேலை முடிந்து கிளம்பும்போது அவர் சாவிக்குக் கை நீட்டினார். சந்திரகலா கொடுக்கவில்லை.

"கார் வாங்குனதுலேருந்து ஒரு நாளாவது நான் ஓட்டி நீங்க பக்கத்துல உக்காந்து வந்துகிறீங்களா? ஊரான் பொண்டாட்டி பக்கத்துலல்லாம் உக்கார்றீங்க. இன்னிக்கி உக்காருங்க."

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் என்ன பேசுவார்? உட்கார்ந்தார். தேவிப்ரியா பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதும், இவர்களுக்குப் பின்னால் கிளம்பத் தயாராவதும் கண்ணாடியில் தெரிந்தது.

"நியூட்ரல்ல விடாத. கியர்லயே போ" என்றார்.

"நீங்க இருக்கீங்களே, கியர்லயே போறேன்."

சமவெளி மாதிரி இருந்த இடம் முடிந்து இறக்கம் ஆரம்பித்தது. தூறல் நின்றிருந்தது, ரோடு மட்டும் ஈரம். மூன்றாவது கியரில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. இந்த வளைவு தாண்டட்டும் என்று வாய் சொன்னது. ஒன்றைத் தாண்டினார்கள். இன்னொன்றையும் தாண்டினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் பிரேக்கைத்தான் மிதித்தாள். காந்தல் வாடை மெல்லக் கிளம்பியது.

அடுத்தது கொண்டை ஊசி. அவள் இரண்டாவது கியருக்கு இழுத்தாள்.

கர்ர்ர்.

குச்சி மூன்றிலிருந்து கழன்று நடுவில் நின்றது. இரண்டில் விழவில்லை. வண்டி கையைவிட்டு ஓட ஆரம்பித்தது. அவள் மறுபடி இழுத்தாள், மறுபடி கத்தியது. பிரேக்கை மிதித்தாள், வண்டி குறைவதாகக் காட்டிவிட்டுக் குறையாமல் போயிற்று. "ஏங்க! பிரேக் பிடிக்கலங்க!" எதிரே ரோடு முடிந்து வானம் தெரிந்தது. அன்பரசன் ஒரு கையால் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் இழுத்தார், மறு கையால் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினார். வண்டி மண் சுவரில் விலாவைத் தேய்த்துக்கொண்டே போய், கண்ணாடி ஒன்று நொறுங்கி, முன்சக்கரம் சாக்கடையில் இறங்கி நின்றது.

ரெண்டு பேருக்கும் மூச்சு மட்டும்தான் இருந்தது. சந்திரகலா ஸ்டியரிங்கை விடவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனுக்கு அடிபட்டிருக்கிறதா என்று, நர்ஸ் பார்க்கிற மாதிரி, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்வை காலில் வந்து நின்றது.

அவருடைய இடது கால் வெறும் ரப்பர் விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. விடுவதும் மிதிப்பதுமாக இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

"அங்க இன்னா மிதிக்கறீங்க?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். காலை நிறுத்தப் பார்த்தார், அது நிற்கவில்லை.

"கிளட்ச்" என்றார். பிறகு எல்லாம் கொட்டியது. "நான்தான் மிதிச்சேன் கலா. நீ கத்துக்கும்போது அத்தினி நாளும் நான்தான் மிதிச்சேன். உனக்கு கியர் வரலன்னா நீ கோச்சிக்கினு போயிடுவன்னு... பாய் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு. நான் சொல்லல. உன்ன சாவ வெச்சிருப்பேன்."

அவள் அறைந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அறையவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்தாள்.

"எனக்கு மட்டும்தானா?"

அவர் நொறுங்கிய கண்ணாடியைப் பார்த்தார்.

"கேக்கறேன் இல்ல? எனக்கு மட்டும்தான் மிதிச்சீங்களா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

சந்திரகலாவின் முகம் மாறியது. அவள் அவரைத் தாண்டி, பின்கண்ணாடி வழியாக மேலே வளைந்து போகும் ரோட்டைப் பார்த்தாள். "தேவிப்ரியா" என்றாள். "கொழந்தைங்கள வெச்சிகினு வராங்க."

அன்பரசன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினார். செருப்பு ஒன்று சாக்கடையிலேயே போயிற்று. அந்த உடம்புக்கு மலை மேல் ஓடுவது ஆகிற காரியமா? ஓடினார். மேல் வளைவில் காது கொடுத்தார். என்ஜின் இரைச்சல் கேட்டால் தேவலை, கியரில் வருகிறாள் என்று அர்த்தம். ஒன்றும் கேட்கவில்லை. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதுதான் கேட்டது. அப்படியானால் நியூட்ரலில்தான் வருகிறாள்.

வளைவைத் தாண்டி ஒரு வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. டயர் கிறீச்சிட்டது, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, கருகின வாடை முகத்தில் அடித்தது. அவர் முழங்காலைத் தொடும் தூரத்துக்கு வந்து நின்றது.

தேவிப்ரியா கண்ணாடியை இறக்கினாள். பயந்து போயிருந்தாலும், அவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார், வண்டி நின்னுடுச்சா? நான் ஏதோ ஆளு குறுக்க வந்துட்டாங்கன்னு பயந்துட்டேன். ஏறுங்க சார். பாருங்க, நீங்க கத்துக் குடுத்த மாதிரியே எவ்ளோ ஸ்மூத்தா எறக்கிகினு வரேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கியர் குச்சி நடுவில், நியூட்ரலில் நின்றது. பின்சீட்டில் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துத் தூக்கினார்.

"இன்னா சார் ஆச்சு?" தேவிப்ரியாவின் சிரிப்பு குறைந்தது.

"கீழ இறங்கும்மா."

"ஏன் சார்?"

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா" என்றார் அன்பரசன். "நான் உனக்குக் கத்துக் குடுக்கவே இல்ல."